மரத்தடியில் நின்ற துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பாகத்தில், நெவாடா மாநிலத்தின் கிழக்கு எல்லையருகே, 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வரும் கிரேட் பேசின் என்னும் மலைப் பிரதேசத்தில், 2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், புதைபொருள் ஆராய்ச்சியாளர் சிலர் பழைய சின்னங்களைத் தேடி நடந்துகொண்டிருந்தபோது, ஜூனிப்பர் மரம் ஒன்றின்மேல் சாய்ந்தபடி ஒரு துப்பாக்கி நிற்பதை அவர்களுள் ஒருவர் கண்டார். அதன் மரக்கட்டை வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறமாகி நெடுக வெடித்திருந்தது. இரும்புக் குழல் பழுப்புத் துரு படிந்து மரப்பட்டையின் நிறத்தோடு ஒன்றிப்போயிருந்தது. கட்டையின் அடிப்பாகம், காற்றும் மழையும் கொண்டுவந்து சேர்த்த மண்ணுக்குள் சிறிது புதைந்திருந்தது. யாரோ ஒருவர், எப்போதோ ஒரு நாள், அதை அந்த மரத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அல்லது திரும்பி வந்தும் அவர் கண்ணுக்கு அது அகப்படவில்லை.

அது வின்செஸ்டர் கம்பெனியாரின் 1873-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி. விசையைச் சுற்றியுள்ள நெம்புகோலை ஒரு முறை கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்டு முடிந்த தோட்டாவின் கூடு வெளியே தெறித்து, குழலுக்கு அடியிலுள்ள நீண்ட அறையிலிருந்து புதிய தோட்டா ஒன்று தன் இடத்தில் வந்து அமர்ந்துவிடும். இந்தச் சௌகரியத்தினாலேயே அது மேற்குப் பிரதேசங்களில் குடியேறியவர், மாட்டுப் பண்ணைக்காரர், சுரங்கத் தொழிலாளர் ஆகிய பலதரப்பட்டவர் கையிலும் பரவிற்று. 1873-க்கும் 1916-க்கும் இடையே 7,20,610 துப்பாக்கிகள் இந்த மாதிரியில் செய்யப்பட்டன. ஆரம்பத்தில் ஏறத்தாழ 50 டாலராக இருந்த விலை 1882-இல் 25 டாலராக இறங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் 25,000-க்கு மேற்பட்டவை உற்பத்தியாயின. மரத்தடியில் கிடைத்த துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொண்டு, வயோமிங் மாநிலத்தில் கோடி என்னும் ஊரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததில், அது 1882-இல் கிடங்கிலிருந்து அனுப்பப்பட்டது என்பது தெரிந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது, யார் விலைகொடுத்து வாங்கினார் என்பதற்கு அந்த ஏடுகளில் குறிப்பு இல்லை.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது அபாயம். துருப்பிடித்த பாகங்களை வலிந்து அசைத்தால் உடைந்தும் போகும். ஆகவே அதை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, நோயாளியின் எலும்பைப் படமெடுக்கும் எக்ஸ் கதிர்க் கருவியினால் படமெடுத்தார்கள். சுடும் அறையில் ஒன்றுமில்லை. ஆனால், துப்பாக்கியைத் துடைக்கும் கம்பிகளை வைப்பதற்காகக் கட்டையின் அடியில் குடைந்திருந்த சிறு அறையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தது. அதன் முத்திரையை ஆராய்ந்ததில், யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி 1887-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட காலத்தில் செய்தது என்று விளங்கிற்று. இந்தச் சிறிய பித்தளைத் துண்டு எவ்வளவு பெரிய சாட்சி என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1882-இல் கிடங்கைவிட்டுப் புறப்பட்ட துப்பாக்கி, அப்போதே தொலைந்துபோகவில்லை; குறைந்தது ஐந்து வருஷமாவது யாரேனும் ஒருவர் கையில் இருந்து, அதன் பிறகே மரத்தடியை அடைந்திருக்கிறது.

இத்தகைய பொருள் ஒன்று அகப்பட்டவுடன் அதைச் சுற்றிக் கதைகள் முளைப்பது இயல்பு. கொள்ளைக்காரன் ஒருவன் துரத்தப்பட்டு ஓடினான் என்றும், இரு எதிரிகள் சுட்டுக்கொண்டார்கள் என்றும் கற்பனை செய்வோர் உண்டு. ஆனால் ஓடுகிறவன் ஆயுதத்தை எறிவானேயன்றி, நிதானமாக மரத்தில் சாய்த்துவைக்க மாட்டான். சண்டையிட்டவனுடைய ஆயுதத்தின் அருகே சண்டையின் வேறு சின்னங்களும் கிடைக்க வேண்டும். ஆகவே மிகச் சாதாரணமான காரணத்தையே நான் நம்புகிறேன்: இரு கைகளும் தேவைப்பட்ட ஏதோ ஒரு வேலைக்காக, ஒரு மனிதர் துப்பாக்கியைக் கீழே வைத்தார், பிறகு மறந்தார். இன்றைக்கும் அமெரிக்காவிலும் கானடாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், மரத்தில் சாய்த்த துப்பாக்கியையும், விழுந்த மானின் தோலை உரித்த இடத்தில் புல்லின்மேல் வைத்த கத்தியையும், பாறைமேல் வைத்த தொலைநோக்கியையும், இப்படித்தான் விட்டுவிட்டு வருகிறார்கள். இதை அஜாக்கிரதை என்று ஒரே சொல்லில் கண்டித்துவிடுவது எளிது. ஆனால் மனோதத்துவ சாஸ்திரம் கண்டறிந்திருக்கும் உண்மைகளை நோக்கினால், மறதி மனித மனத்தின் அமைப்பிலேயே ஊன்றியிருக்கிறது என்பதும், கண்டிப்பினால் அதை ஒழிக்க முடியாது என்பதும் புலப்படும்.

நாம் ஒரு காரியத்தை மறந்தோம் என்று சொல்லும்போது, மனத்தில் பதிந்திருந்தது அழிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பல சமயங்களில் அது பதியவே இல்லை என்பதுதான் மெய். பெர்கஸ் க்ரெய்க் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும் 1996-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ஒன்றைக் கற்கும் வேளையில் கவனம் வேறொரு வேலையில் பகிர்ந்து செலுத்தப்பட்டால் நினைவு பெரிதும் குன்றுகிறது என்பதும், கற்றதைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவரும் வேளையில் கவனம் சிதறினால் அவ்வளவு சேதம் நேர்வதில்லை என்பதும் தெளிவாயின. வேடன் துப்பாக்கியை மரத்தில் சாய்க்கும் அந்தக் கணத்தில் அவன் கவனம் எங்கே இருக்கிறது? குண்டு பட்ட மான் எந்தப் புதருக்குள் நுழைந்தது, இரத்தத் துளிகள் எந்தத் திசையில் போகின்றன, இருட்டுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவற்றிலேயே அவன் சித்தம் முழுவதும் தோய்ந்திருக்கிறது. உணர்ச்சிக் கிளர்ச்சி ஏற ஏற, மனம் கவனிக்கும் வட்டம் சுருங்குகிறது என்று 1959-இல் ஈஸ்டர்புரூக் என்னும் மனோதத்துவ அறிஞர் பல பரிசோதனைகளைத் தொகுத்து ஒரு கருத்தை முன்வைத்தார். நடுவிலுள்ளது மிகத் தெளிவாகவும், ஓரத்திலுள்ளது சிறிதும் பதியாமலும் போகிறது. அப்போது கை மட்டும் துப்பாக்கியைச் சாய்க்கிறது. மனம் அதற்குச் சாட்சியாக நிற்கவில்லை.

இதனினும் நுட்பமான வேறொன்றும் உண்டு. நடந்து முடிந்ததை நினைப்பது ஒருவகை ஞாபகம். இனிச் செய்ய வேண்டியதை உரிய சமயத்தில் நினைத்துக்கொள்வது மற்றொரு வகை. ஐன்ஸ்டீன், மக்டானியல் என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள் 1990 முதல் இந்த இரண்டாம் வகையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள் (இந்த ஐன்ஸ்டீன் பௌதிக மேதையல்லர்). எதிர்காலக் காரியம் நினைவுக்கு வருவதற்கு வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் எவ்வளவு தேவை என்பதை அவர்களுடைய ஆராய்ச்சி காட்டுகிறது. வேலை முடிந்தபின் துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்னும் எண்ணத்தைத் தூண்டக்கூடிய பொருள் அந்தத் துப்பாக்கியேயாகும். அதுவோ முதுகுக்குப் பின்னால் நாற்பது அடி தூரத்தில் நிற்கிறது. மான் வேறொரு பள்ளத்தில் விழுந்து கிடக்கக் கண்டால் வேடன் அந்த வழியாகவே இறங்கிவிடுகிறான். வந்த வழியில் திரும்பியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும் தூண்டுதல் அவனுக்குக் கிட்டாமலே போகிறது.

எண்ணிக்கையோடு இதற்குப் பிரமாணம் வேண்டுமானால் அது காட்டில் கிடைக்காது. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் கிடைக்கும். நோயாளியின் உடலுக்குள் பஞ்சையோ கருவியையோ தவறுதலாக விட்டுத் தைத்துவிடும் கேடு அபூர்வமாக நிகழ்வதுண்டு. அதன் காரணங்களை ஆராய்ந்த அதுல் கவாண்டே முதலிய மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட முடிவு இது: அவசரச் சிகிச்சையில் இந்த அபாயம் ஏறத்தாழ ஒன்பது மடங்கும், முன்னே திட்டமிட்ட சிகிச்சை நடுவில் எதிர்பாராமல் மாறும்போது ஏறத்தாழ நான்கு மடங்கும் உயர்கிறது. பல வருஷம் பயின்று, பொறுப்புணர்ச்சி மிகுந்து, பிறர் உயிரைக் கையில் ஏந்தி நிற்பவர்களுக்கே அவசரமும் திட்டமாற்றமும் இவ்வாறு செய்யுமானால், காயம்பட்ட மானைப் பின்தொடர்ந்து ஓடும் வேடனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டையில் அவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன.

சரி, ஒரு மணி நேரங்கழித்து நினைவு வந்துவிட்டது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டால் என்ன? இங்கேதான் இரண்டாவது இடர் காத்திருக்கிறது. எலியின் மூளையில், அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் உயிரணுக்கள் உண்டு என்பதை ஜான் ஓகீஃப் 1971-இல் கண்டார். இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் வேறு அணுக்களை மோசர் தம்பதியர் 2005-இல் கண்டார்கள். இம்மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்படும் என்ற அறிவிப்பு, அந்த வின்செஸ்டர் அகப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு வெளிவந்தது. மூளை வரையும் இந்த வரைபடம் வியக்கத்தக்கதே எனினும், அது சுற்றுப்புற அடையாளங்களை நம்பியே இயங்குகிறது. ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் யான் சௌமன் முதலியோர் மனிதர்களை நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்த பரிசோதனையில், சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே சென்றார்கள்; மேகம் மூடியபோது நடந்தவர்களோ தாங்கள் வட்டமிடுவதை அறியாமலே வட்டமிட்டார்கள். அது 2009-இல் வெளியான ஆராய்ச்சி. ஒரே மாதிரியான ஆயிரம் மரங்களுக்கு நடுவே, மான் போன போக்கில் வளைந்து வளைந்து ஓடிய வேடனுடைய மனத்திலுள்ள வரைபடம் எவ்வளவு பிசகியிருக்கும்! அவன் தேடுவது பெரும்பாலும் பக்கத்து மரத்தடியை.

சரியான மரத்தடிக்கே வந்தாலும் பார்ப்பது நிச்சயமில்லை. நம் விழியில் மிகக் கூர்மையாகக் காணும் பகுதி, கையை நீட்டி நோக்கினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவேதான். மற்றப் பரப்பெல்லாம் மங்கலானது. விழி ஓரிடம் விட்டு ஓரிடம் தாவித் தாவித்தான் உலகத்தைத் தெளிவாகப் பார்க்கிறது. எங்கே தாவுவது என்பதை அந்த மங்கலான பகுதியே காட்டிக்கொடுக்க வேண்டும். 1980-இல் ஆன் டிரைஸ்மன் என்னும் அம்மையார் ஜெலாட் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரு விதியைத் தருகிறது. தேடும் பொருள் ஏதேனும் ஒரு தனிக்குணத்தால் வேறுபட்டால், சுற்றிலும் எத்தனை பொருள்கள் இருந்தாலும் அது உடனே துருத்திக்கொண்டு தெரியும். அவ்வாறின்றி, ஒரு குணத்தில் சில பொருள்களையும் மற்றொரு குணத்தில் வேறு சில பொருள்களையும் ஒத்திருந்தால், ஒவ்வொன்றாகச் சோதித்தே கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிலும் பொருள்கள் பெருகப் பெருகக் காலமும் பெருகும். பழுப்புக் குழல் நேரானது, கிளையும் நேரானது. சாம்பல் நிறக் கட்டை. பட்டையும் சாம்பல் நிறம். புதிதாகத் தொலைந்த துப்பாக்கியும், வால்நட் மரக் கட்டையின் கருமையோடு, நிழலில் நிழலாகவே நின்றிருக்கும்.

தேடுகிறவனுடைய மனமும் அவனுக்கு எதிராகவே வேலை செய்கிறது. 2005-இல் ஜெரெமி உல்ஃப் முதலியோர், பயணப் பெட்டிகளைச் சோதிப்பது போன்ற படங்களில் குறித்த பொருளைத் தேடும்படி மனிதரை அமர்த்தினார்கள். பாதிப் படங்களில் பொருள் இருந்தபோது நூற்றுக்கு ஏழு வீதமே தவறவிட்டவர்கள், நூறு படத்துக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது ஏறக்குறைய முப்பது வீதம் தவறவிட்டார்கள். அபூர்வமாக வருவதை மனம் எதிர்பார்ப்பதில்லை; இல்லை, இல்லை என்று பழகிய கண், இருக்கும் ஒன்றையும் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடுகிறது. ஐந்நூறு மரத்தை வெறுமையாகக் கண்ட பிறகு ஐந்நூற்றோராவது மரத்தை நோக்கும் கண் எத்தகையது என்று சிந்தித்துப் பாருங்கள்.

தேடுவதற்கும் ஒரு கணிதம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் முறையை அமெரிக்கக் கடற்படைக்காக வகுத்த பெர்னார்ட் கூப்மன் என்னும் கணித நிபுணர், ஒழுங்கின்றித் தேடுவதன் நஷ்டத்தைக் கணக்கிட்டார். ஒரு பரப்பில் அங்குமிங்கும் அலைந்து, மொத்தத்தில் அந்தப் பரப்பளவுக்குச் சமமான இடத்தைப் பார்த்து முடித்தாலும், பார்த்த இடத்தையே மீண்டும் பார்ப்பதும் சில இடத்தைப் பாராமலே விடுவதும் நேர்வதால், பொருள் அகப்படும் வாய்ப்பு 63 வீதமே. அதைப்போல் இரு மடங்கு உழைத்தால் 86 வீதம். கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்து வரிசையாக நடப்பவர்களுக்கு இந்த நஷ்டம் வெகுவாகக் குறையும். மரத்தடித் துப்பாக்கியைக் கண்டவர் வேடரல்லர் என்பதும், நிலத்தைக் கவனித்து நடப்பதையே தொழிலாகக் கொண்ட ஆராய்ச்சியாளர் என்பதும் தற்செயலாக நேர்ந்தது அன்று என்பது என் அபிப்பிராயம்.

இனி, அது இத்தனை காலம் அழியாமல் நின்ற அதிசயத்துக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்கப் பிராணவாயு மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகவேனும் நீர் அதன்மேல் தங்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 வீதத்துக்குக் கீழே இருக்கும் வரையில், சுத்தமான காற்றில், துருவேறும் வேகம் மிகவும் சொற்பம். அதற்கு மேலே போனால் விரைந்து ஏறும். பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்றை சியெரா நெவாடா மலைத்தொடர் மேற்கிலேயே தடுத்து மழையாக இறக்கிவிடுவதால், அதற்குக் கிழக்கே உள்ள கிரேட் பேசின் வறண்டு கிடக்கிறது; அங்கே பெய்யும் சிறிது மழையும் கடலைச் சேராமல் உள்நாட்டு ஏரிகளிலும் உப்பு வெளிகளிலும் வற்றிவிடுகிறது. கடலுப்பு கலந்த காற்றும் அங்கே இல்லை. இதே துப்பாக்கி ஒரு கடற்கரைச் சதுப்பில் நின்றிருந்தால், அதன் சரித்திரத்தைச் சொல்லிய வரிசை எண்ணை நாம் வாசித்திருப்போமா என்பது சந்தேகமே.

மரக்கட்டையின் கதை வேறு. மரத்தின் நார்களைப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்னும் பதார்த்தத்தைச் சூரியனுடைய புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. எஞ்சிய நார்கள் வெள்ளிபோல் வெளிறுகின்றன. ஆனால் இந்த அழிவு மேற்பரப்பில்தான் நடக்கும்; நூறு வருஷத்தில் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். மரத்தை உண்மையில் உண்பவை பூஞ்சைகள். மரத்தின் எடையில் நூற்றுக்கு இருபது வீதத்துக்குக் குறைவாக ஈரம் இருந்தால் அவை வளர மாட்டா. எனவே வெயில் அந்தக் கட்டையை வெளிறச் செய்தது. அதே வெயில் அதை உலர்த்தி உளுக்காமலும் காத்தது. பனிக்காலத்து நனைவும் கோடைக்காலத்து உலர்வும் மாறி மாறி வந்ததன் பயன்தான் அந்த நெடிய வெடிப்புகள்.

தங்களிடம் வந்த அந்தத் துப்பாக்கியைக் கோடி அருங்காட்சியகத்தார் புதிதுபோல் மெருகேற்றாமல், பிளந்த மரம் உதிராதபடி பசையூட்டி உறுதிசெய்து, துருவையும் வெடிப்பையும் அப்படியே விட்டுப் பூங்காவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இது மிகவும் போற்றத்தக்க முடிவு. அந்தத் துருவும் வெடிப்புமே அது வாசிக்கத் தரும் ஏடுகள். அவற்றைத் துடைத்தால் எஞ்சுவது ஏழு லட்சத்தில் ஒன்று.

இன்று காட்டுக்குச் செல்வோருக்கு இந்த உண்மைகளிலிருந்து சில பயன்கள் கிடைக்கின்றன. கத்தியின் கைப்பிடி, துப்பாக்கியின் வார், பையின் வாய் ஆகியவற்றைச் சுற்றுப்புறத்தோடு மறையும் நிறத்தில் வாங்குவதே இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது, அது தவறு. மானுடைய விழியில் இருவகை வர்ண உணர்விகளே உண்டு. அவற்றுள் ஒன்று 450 நானோமீட்டர் அலைநீளத்தை அடுத்த நீலத்தையும், மற்றொன்று 537 நானோமீட்டர் பச்சையையும் மிகுதியாக வாங்கும். 600 நானோமீட்டரை அடுத்த ஆரஞ்சு வர்ணம் நமக்குத் தீப்போல் தெரியும். மானுக்கு அது மந்தமான நிறமே. கருவிகள்மேல் ஆரஞ்சு நாடா சுற்றினால் வேட்டைக்கு இடையூறு இல்லை. தேடுவோனுக்கோ டிரைஸ்மன் சொன்ன தனிக்குணம் கிடைத்துவிடுகிறது. துப்பாக்கியைத் தரையிலோ மரத்திலோ வைக்க நேர்ந்தால் தோட்டாவை அகற்றி, தோள்பையோடு வாரால் பிணைத்து வைக்க வேண்டும். பை இல்லாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டியில் அமெரிக்க அரசு வைத்திருந்த வேண்டுமென்றே பிழைகாட்டும் ஏற்பாடு 2000 மே மாதத்தில் நீக்கப்பட்ட பிறகு, கைக்கருவி சில மீட்டர் பிழைக்குள் இடத்தைக் குறித்துத் தருகிறது; கருவியைக் கீழே வைத்த உடனே அந்தக் குறியை இடுவது நல்ல பழக்கம். அறுவைச் சிகிச்சைத் தாதிகள் கருவிகளை எண்ணுவதுபோல், புறப்படும் முன் கொண்டுவந்த பொருள்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டா நிறைந்த துப்பாக்கி ஒன்று காட்டில் கிடந்தால், அடுத்து அதைத் தொடுவது ஒரு குழந்தையின் கையாகவும் இருக்கலாம். ஆகவே தொலைத்தவர் வெட்கத்தை விட்டு, வரிசை எண்ணோடு காவல் நிலையத்தில் அன்றே தெரிவிக்க வேண்டும்.

கண்டெடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அமெரிக்காவின் பொது நிலங்களில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட புதைபொருட் சின்னங்களை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்தினும் பெரிது அறிவின் நியாயம். ஜூனிப்பர் மரத்தடியிலிருந்து அந்தத் துப்பாக்கியை வழிப்போக்கர் ஒருவர் தூக்கிச் சென்று தம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தால், அது சாய்ந்திருந்த விதமும், புதைந்திருந்த ஆழமும், கட்டைக்குள் ஒளிந்திருந்த தோட்டாவும் எவருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆகையால், எந்த நாட்டிலாயினும், பழமையான பொருள் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதைத் தொடாதீர்கள். இருந்தபடியே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிலத்தைக் காக்கும் அதிகாரிகளிடம் உடனே சொல்லுங்கள்.